எடுத்துடாத பாப்பா

சாத்தூரில் தங்கப்பழத்தின் வீட்டு முன்னறையில் அன்று காலை ஐந்து பேர் இருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததில் பாதி, யார் முகம் யாருக்குத் தெரிந்தது என்பதால் நடந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் தங்கப்பழம். எண்பத்திரண்டு வயது. லாரி ஓட்டி ஓய்ந்தவர். இன்றைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தால் வலதுகால் எதையோ மிதித்து மிதித்து விடும். அவருக்கு எதிரே, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து ஆட்டம் நிறுத்திய நாற்காலியில், மூப்பு வாரியத்தின் மதிப்பீட்டாளர் கவின்முகில். சின்ன வயசு, இருபத்தாறு இருக்கும். அவனுக்கு இடப்பக்கம், வாசலை அடைத்தாற்போல ஸ்டூலில் மகன் ஜெயப்பிரகாஷ். ஓசூரிலிருந்து விடிகாலை வந்தவன், மத்தியானமே திரும்ப வேண்டும் என்று ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படி நிலையில் முதுகைச் சாய்த்து, தரையில் காலை நீட்டிக்கொண்டு பேத்தி வெண்பா. கட்டிலின் கால்மாட்டில் மகள் நாகஜோதி.

ஜோதி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தகப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பியாக வேண்டும். அவள் திருப்பவில்லை. ஆனால் எதிர்ச் சுவரில் பீரோ இருந்தது. பீரோக் கண்ணாடியில் அவள் முகம் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. அது அவளுக்குத் தெரியாது.

வந்த காரியம் ஒன்றுதான். எண்பது தாண்டித் தனியாக இருக்கிறவர்களுக்கு வாரியம் 'தன்கை உரிமை' என்று ஒன்று கொடுத்திருந்தது. தன் வீட்டுச் சாவி தன் கையில், தன் அடுப்பு தன் கையில், தன் போக்குவரத்து தன் இஷ்டம். அதை வாரியம் திரும்ப எடுத்துக்கொண்டால், அந்த வாரமே முதியோர் இல்லத்துக்குப் போய்விட வேண்டும். தங்கப்பழத்தின் உரிமை இருக்குமா போகுமா என்று முடிவு செய்யத்தான் கூடியிருந்தார்கள். சாவி அவர் இடுப்பு அரைஞாணில் தொங்கியது.

"ஐயா, பயப்படாதீங்க. நாலு கேள்விதான். உள்ளதச் சொன்னாப் போதும்" என்றான் கவின்முகில்.

"கேளுங்க தம்பி. கேக்குறதுக்குத்தான சம்பளம்."

"யப்பா" என்று பல்லைக் கடித்தான் ஜெயப்பிரகாஷ்.

"என்னடா? உள்ளதத்தான சொல்லச் சொன்னாரு!"

கவின்முகில் சிரித்துவிட்டான். கெட்டவன் இல்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த வில்லையைப் பார்த்துப் பார்த்துப் படித்தான். அடுப்பை ஒழுங்காக அணைக்கிறார். மாத்திரை தவறவில்லை. கடைக்கு நடந்து போகிறார், வழி மறக்காமல் திரும்பி வருகிறார். கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீட்டு விளையாட்டில் கள்ளாட்டம் சொல்லிக்கொடுக்கிறார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுதான் இடிக்குது" என்றான். "சாயங்காலமானா மக நம்பருக்குக் கூப்பிடுறீங்க. அவங்க எடுப்பான் எடுக்குது. எடுத்த உடனே வச்சிடுறீங்க. ஒரு வார்த்தை பேசுறது இல்ல. ஆடி மாசத்துலருந்து இப்படி. அநேகமா தினமும். சில நாள் ரெண்டு தடவ. தை மாசம் ஒரு நாள் அடுத்தடுத்து மூணு தடவ, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி மூணு. எதுக்குங்கய்யா? கூப்பிட்ட பிறகு என்ன சொல்ல வந்தோம்னு மறந்துபோகுதா?"

தங்கப்பழத்தின் வலதுகால் நின்றது.

"அது அவளுக்குத் தெரியும்" என்றார்.

எல்லோரும் ஜோதியைப் பார்த்தார்கள்.

ஜோதிக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. 'மூணு தடவ' என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் பழைய மணிக்கணக்கு ஞாபகம் வந்தது. நடந்தது முழுவதும் அப்போது விளங்கிவிட்டது.

போன் மணி அடித்து அவள் கேட்டே வருஷம் பத்து ஆகிவிட்டது. யாருக்குமே அடிப்பதில்லை. யார் கூப்பிட்டாலும் எடுப்பான் எடுத்துக்கொள்ளும். உடையவர் குரலிலேயே பேசும், நலம் கேட்கும், காரியம் இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி சுருக்கமாகச் சொல்லும். வந்த புதிதில் "பெத்தவகிட்ட மெஷினைப் பேச விடுறதா" என்று ஊரே காறித் துப்பியது. அப்புறம் பழகிப்போயிற்று. பழகியதும் தலைகீழாயிற்று: நேரே ஆளே எடுத்துப் பேசினால், அடுத்தவர் வேலையைக் கெடுக்கிறவன் என்று பேராயிற்று.

ஜோதியின் பிழைப்பே அதுதான். சென்னையில் ஒரு கம்பெனிக்காக, வயசானவர்களுக்கு எடுப்பானோடு பேசப் பழக்கிவிடுகிற வேலை. பழக்குநர் என்று சட்டையில் குத்தியிருக்கும். அவளை விட்டால் அந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் யார்? பத்து வயசில் தெருவுக்கே குறுஞ்செய்தி படித்துக் காட்டினாள். பதினெட்டு வயசில் அத்தைமார் எல்லோருக்கும் ஓடிபி சொன்னாள். கல்யாணமான பிறகு மாமனாருக்கு முகத்தைக் காட்டிப் பணம் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். மேலே இருந்தவர்கள் எல்லோருக்கும் அவள்தான் விரல். கீழே இருந்த மகள் வெண்பா பேசத் தொடங்கியதும் சொன்ன முதல் முழு வாக்கியம், "ம்மா, நீ தொடாத, நான் பாத்துக்கிறேன்." நடுவில் அவள் ஒருத்தி. அவளுக்கென்று பொறுமையாக உட்கார்ந்து எதையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவள் சொல்லிக்கொடுத்தவற்றில் முதலாவது, தன் தகப்பனுக்கு மிஸ்டு கால் விடச் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஐந்தாம் வகுப்பு அப்போது. வீட்டுக்கு ஒரு பட்டன் போன், லாரிக்கு ஒரு பட்டன் போன். அம்மா பேச்சித்தாய் அதைத் தொடவே மாட்டாள்; ஷாக் அடிக்கும் என்பாள். அப்பா சிவகாசி காலண்டர் ஏற்றிக்கொண்டு நாக்பூர், ராய்ப்பூர் என்று போனால் வாரக்கணக்கில் ஆள் கிடையாது. வெளிமாநிலம் போய்விட்டால் கூப்பிட்டவனுக்கும் காசு, எடுத்தவனுக்கும் காசு. அதனால் ஜோதி ஒரு சட்டம் போட்டாள். ஒரு மணி அடித்தால், 'நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்.' இரண்டு அடித்தால், 'வர லேட்டாகும், ஆனா வந்துருவேன்.' மூன்று அடித்தால், 'உடனே கூப்பிடு.'

முதல் தடவை அப்பா ஆறு தடவை மணி அடிக்க விட்டுவிட்டார். வீடு வந்ததும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன்ப்பா, எண்ணத் தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டாள். அவர் லாரிக்காரர்கள் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஒவ்வொரு தடவையும் வண்டி கிளம்பும்போது கேபினிலிருந்து தலையை நீட்டி ஒன்று சொல்வார். "எடுத்துடாத பாப்பா!"

எடுக்காமல் இருப்பது லேசில்லை. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மணி அடிக்கும். அப்பா அந்தப் பக்கம் இருக்கிறார், ஒரு பொத்தானை அழுத்தினால் குரல் கேட்கும். அழுத்தக் கூடாது. ஒரு மணியோடு நின்றதும் "யம்மா, அப்பா சாப்பிட்டாராம்" என்று கத்திக்கொண்டு ஓடுவாள். பிற்பாடு கோவையில் ஹாஸ்டலில் இருந்தபோது அவள் ஒரு மணி விடுவாள். அவர் எடுக்க மாட்டார். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அவசரப்பட்டு எடுத்தது கிடையாது. அப்புறம் எவ்வளவு பேசினாலும் ஒரே காசு என்று வந்தது, கல்யாணம் வந்தது, படம் பார்த்துப் பேசுகிற போன் வந்தது. மிஸ்டு கால் தானாக நின்றது. முடிந்தது என்று யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"மேடம்?" என்றான் கவின்முகில்.

"அது வந்து... மிஸ்டு கால்" என்றாள் ஜோதி.

"அப்படின்னா?"

சொன்னாள். பொறுமையாக, பழக்குநர் குரலில், ஒன்று இரண்டு மூன்று என்று சொன்னாள். ஜெயப்பிரகாஷ் கூரையைப் பார்த்தான். அவன் சிறியவன், அவனுக்கு அரைகுறை ஞாபகம். வெண்பா காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இரு இரு. கூப்பிட்டுட்டுப் பேசாம வைக்கணும். அந்தப் பக்கம் எடுக்கவும் கூடாது. அதான் மேட்டரா?"

"ஆமா."

"ரெண்டு பேரும் பேசாம இருந்தா அது போன் காலா? சூப்பர் ஃபேமிலிம்மா நம்மளது!"

கவின்முகில் சிரிக்கவில்லை. ஆர்வமாகக் கேட்டுக்கொண்டான். வில்லையை உதட்டருகே கொண்டுபோய் மெல்லிய குரலில் ஏதோ கேட்டான், பதிலைக் காதுக்குள் வாங்கினான். முகம் கொஞ்சம் மாறியது.

"மேடம், நீங்க சொன்னது உதவியா இருக்கு. ஆனா நீங்க நெனைக்கிற பக்கம் இல்ல. இருபது முப்பது வருஷத்துக்கு முன்னாடி விட்டுப்போன பழக்கத்த ஒருத்தர் திடீர்னு திரும்பச் செய்யத் தொடங்கினா, அதுவே ஒரு அறிகுறி. பழங்காலத்துக்குள்ள திரும்பிப் போறாருன்னு அர்த்தம். நீங்களே ட்ரெய்னிங்ல சொல்லிக்கொடுப்பீங்களே."

சொல்லிக்கொடுப்பாள்தான். தளர்ச்சியின் அறிகுறிகள் என்று ஒரு பாடம். செத்துப்போன உறவைப் பேர் சொல்லி அழைப்பது, இல்லாத பணத்தாளைத் தேடுவது, விட்டுப்போன பழக்கத்துக்குத் திரும்புவது, ஒன்றுமில்லாத வெற்றுச் செய்தி அனுப்புவது. அவள் வாயாலேயே ஆயிரம் தடவை சொன்னவை.

"விட்டுப்போகலயே" என்றாள்.

"என்ன மேடம்?"

"அந்தப் பழக்கம். விட்டுப்போச்சுன்னு நாங்க யாரும் சொல்லிக்கல."

"அப்போ இன்னைக்கு வரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் நடப்புல இருக்குற ஏற்பாடு. அப்படித்தான? அப்படின்னா ஐயா அனுப்புனது முறையான செய்தி. அவருக்கு ஒரு குறையும் இல்ல. உரிமைய நீட்டிச்சுட்டு இப்பவே கெளம்பிடுவேன்." குரலைத் தாழ்த்தினான். "ஆனா புரட்டாசில நீங்க ஒரு உத்தரவு போட்டிருக்கீங்க. அப்பா பேசாம வைக்கிற அழைப்ப எனக்குத் தெரிவிக்க வேணாம்னு. அவர் செய்தி அனுப்பியிருக்காரு, நீங்க வேணும்னே வாசல அடச்சிருக்கீங்க. அதுக்குப் பேரு புறக்கணிப்பு. உங்க பேர்ல விழும். உங்க வேலைக்கு அது ஆகாது மேடம். உங்களுக்கே தெரியும்."

"ரெண்டும் இல்லாம ஒண்ணு இருக்காதா?" என்று கேட்டான் ஜெயப்பிரகாஷ்.

"இல்ல சார். ஒண்ணு அவருக்குத் தளர்ச்சி. இல்ல, இவங்க புறக்கணிப்பு. நான் எதப் போட?"



புறக்கணிப்பு என்று விழுந்தால் வயசானவர்கள் இருக்கிற கட்டடத்துக்குள்ளேயே நுழைய முடியாது. பழக்குநர் வேலை அன்றோடு போகும். ஐம்பது வயசுக்கு மேல் வேறு வேலை எவன் கொடுப்பான்? கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வெண்பாவின் படிப்பு இன்னும் பாதிதான் தாண்டியிருக்கிறது.

புரட்டாசியில் நடந்தது நினைவுக்கு வந்தது. அவள் காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். எடுப்பான் அன்றைய சுருக்கத்தைச் சொன்னது: அப்பா அழைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாளும் அதுவே. அதற்கு முந்தின நாளும் அதுவே. வெண்பாதான் கேட்டாள்: "ம்மா, தாத்தாவோட இந்த வெத்துக் கால் எல்லாம் சொல்ல வேணாம்னு போட்டுறவா? தெனம் இதே பாட்டு." அவள் தலையணை உறையை உதறியபடி, "போட்டுறு" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. கை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். 'தடுத்தது நான்தான், அப்பா சரியாத்தான் இருக்கார்' என்று ஒரு வாக்கியம். வாய் திறந்தால் வந்துவிடும். ஜோதி திறக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, பெருவிரலைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, எதிரே எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது பொத்தானிலிருந்து விரலை விலக்கிப் பிடித்திருப்பாளே, அதே மாதிரி.

பீரோக் கண்ணாடியில் அந்த முகத்தைத் தங்கப்பழம் பார்த்தார்.

"தம்பி" என்றார். "எனக்கு ஒண்ணும் ஞாவகம் இல்ல."

"ஐயா?"

"கூப்புடுவேன். கூப்புட்டதும் எதுக்குக் கூப்புட்டோம்னு மறந்துபோகும். வச்சிருவேன். அவ சின்னப்புள்ளயில என்னமோ வெளையாட்டு வெளையாடுனா, அதப் போயி இப்பச் சொல்றா. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"கொஞ்சம் முன்னாடி 'அவளுக்குத் தெரியும்'னு சொன்னீங்களே?"

"சொன்னேனா? பாருங்க, அதுவும் மறந்துபோச்சு."

கவின்முகில் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்ததா இல்லையா, தெரியாது. புரிந்திருந்தாலும் அதைப் போட அவனிடம் இடம் இல்லை. 'தளர்ச்சி' என்று போட்டு வில்லையை நீட்டினான். தங்கப்பழம் கட்டைவிரலை வைத்தார். பிறகு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு இறுகியிருந்தது. ஜெயப்பிரகாஷ் எழுந்து வந்து, குனிந்து, தகப்பன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து எடுத்தான். அது கை நழுவித் தரையில் விழுந்தது.

"மெதுவாடா. லாரிச் சாவி இல்ல, ஓடிப்போகாது" என்றார் அவர்.

மத்தியானம் துணிமணிகளைப் பையில் வைத்தபோதுதான் ஜோதியும் அவரும் தனியாக இருந்தார்கள். வெண்பா மாமனோடு வண்டி பார்க்கப் போயிருந்தாள். ஜோதி வேட்டியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"தையில என்னப்பா ஆச்சு?"

"காய்ச்ச. எந்திரிக்க முடியல. பெறகு கீழ்வீட்டுப் புள்ள கஞ்சி கொண்டாந்துச்சு. சரியாப்போச்சு."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? அது எடுத்துச்சுல்ல? அதுகிட்ட 'காய்ச்சல்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு வந்திருக்கும்ல?"

"அது நீ இல்லியே."

"ஒனக்கு எப்படித் தெரியும்? என் குரல்தான?"

தங்கப்பழம் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "பத்து வருசமா போன்ல நீ என்னயத் திட்டவே இல்ல பாப்பா. நான் என்ன சொன்னாலும் 'சரிப்பா, நல்லதுப்பா'ங்குது. பீடி குடிச்சேன்னு வேணும்னே சொல்லிப் பாத்தேன். அதுக்கும் 'ஒடம்பப் பாத்துக்கங்கப்பா'ங்குது. நீயா இருந்தா என்ன பேச்சுப் பேசியிருப்ப! அப்பத்தான் யோசன பண்ணேன். அதுக்குத் தெரியாதது நமக்குள்ள என்ன இருக்குன்னு. மணிதான் இருந்துச்சு. ஒரு தடவ கூப்புட்டு வச்சா ஒரு மணின்னு வச்சுக்கிட்டேன்."

"நான் எடுத்துப் பேசியிருந்தா?"

"நீயா இருந்தா எடுத்திருக்க மாட்ட" என்றார்.

அவள் வேட்டியைப் பையில் வைத்து மூடப் பார்த்தாள். பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அவர் கையை நீட்டி, கீழ்த்துணியை விலக்கி, இழுத்து மூடினார்.

இல்லம் விருதுநகர் தாண்டி இருந்தது. முதல் மாசம் பழகுகிற மாசம், பார்க்க வரக்கூடாது என்றார்கள். நல்ல இடம்தான். படங்கள் வந்தன: வெள்ளைச் சட்டை போட்டு, வரிசையில் உட்கார்ந்து, தட்டில் இட்லியோடு அப்பா. எல்லாப் படத்திலும் இரண்டு காலும் அசையாமல் சேர்ந்திருந்தன.

சென்னைக்குத் திரும்பி இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம். ஜோதி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சுவரிலிருந்து அவள் குரலே அவளிடம் பேசியது: "இன்று அப்பாவுடன் நெடுநேரம் பேசினீர்கள். நாளையும் அப்பா அழைப்பார். அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார்."

ஜோதி ஒற்றைச் செருப்போடு நின்றாள்.

"வெண்பா! நான் எங்கடி பேசினேன்?"

வெண்பா காதுக்குப் பின்னால் இருந்த சின்னக் கருவியைத் தொட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இல்லத்துல இருக்கவங்களுக்கும் எடுப்பான் வச்சிருக்காங்கம்மா. அவங்களாப் போன் போட முடியாது. அங்க இருக்குறது தாத்தா குரல்ல பேசுது, இங்க இருக்குறது உன் குரல்ல பேசுது."

"ரெண்டு மெஷினும் பேசிக்குதா?"

"ம். இனிமே தெனமும்."

"என்னத்தப் பேசுது?"

"இரு... 'சாப்பிட்டீங்களாப்பா', 'சாப்ட்டேன் பாப்பா', 'மருந்து', 'ஆச்சு', 'மழை பேஞ்சுதா'... இப்படியே போகுது. தாத்தா ஜோக்கெல்லாம் அடிச்சிருக்காரு. நல்லாத்தான்மா இருக்கு. உனக்கு வேலை மிச்சம்."

ஜோதி உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே தபாலாபீஸ் தெருவில் தேடி ஒரே ஒரு கடையில் தபால்தலை அச்சிட்ட உறை வாங்கிவந்தாள். கடைக்காரர் தூசி தட்டித்தான் கொடுத்தார். இல்லத்து விதியில் அவள் தேடிப் பிடித்த ஒரு சந்து அது: காகிதக் கடிதம் வந்தால் பிரித்துப் பார்ப்பார்கள், பதிவு செய்வார்கள், பிறகு உரியவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும். கடிதத்துக்கு எடுப்பான் கிடையாது. யாரும் எழுதாததால் யாரும் அதற்கு ஒன்று செய்யவில்லை.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். உறையின் மேல் இல்லத்து முகவரியை எழுதினாள். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த முறை கைக்கு மறக்கவில்லை: அனுப்புநர் இடப்பக்கம், பெறுநர் வலப்பக்கம், ஊர்ப்பெயருக்கு அடியில் கோடு. பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

என்ன எழுத? மன்னிப்பு எழுதினால் இல்லத்துக் கணக்கில் பதிவாகும். அவர் அவளுக்காகப் பொய் சொன்னார் என்று ஆகும். அவர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போன வேலையும் போகும். நலம் என்று எழுதினால், அதைத்தான் அந்த மெஷின் தினமும் சொல்லப்போகிறதே.

பேனாவை மூடினாள்.

ஒரு வெற்றுத் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். ஒன்று என்றால் நல்லா இருக்கேன் என்று அர்த்தம். அது பொய். இன்னொரு வெற்றுத் தாளை எடுத்தாள். அதே மடிப்பாக மடித்து, முதலாவதற்குப் பக்கத்தில் செருகினாள்.

மூன்றாவது தாளைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டுவிட்டு அடுக்கிலேயே வைத்துவிட்டாள். கூப்பிட அவரிடம் போன் கிடையாது.

வெண்பா காபித் தம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ம்மா, உள்ள ஒண்ணுமே எழுதலியே?"

"இல்ல."

"வெறும் தாளா அனுப்பப் போற? அவங்க பிரிச்சுப் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும்."

"வெற்றுச் செய்தின்னு உன் பேர்ல ஏறும். நீதான கிளாஸ்ல சொல்லுவ, 'இது முதல் அறிகுறி'ன்னு! ஒண்ணு ரெண்டு தடவன்னா விட்டுருவாங்க. நீ வாரா வாரம் அனுப்புற ஆளு. எனக்குத் தெரியாதா உன்ன?" விளையாட்டாகத் தொடங்கிய குரல் பாதியில் மாறியது. "அப்புறம் என்னயத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. உங்கம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

ஜோதி மகளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வயசில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாள்.

"ஞாபகம் இல்லன்னு நானே சொல்லிருவேன். நீ கஷ்டப்படாத" என்றாள்.

வெண்பாவுக்கு அது விளங்கவில்லை. தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, விரலால் உறையை லேசாகத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"அது சரி, எதுக்கு ரெண்டு தாள்?"

ஜோதி உறையை அவள் கையிலிருந்து வாங்கினாள். ஓரத்துப் பசை காய்ந்து போயிருந்தது. அடுப்படிக்குப் போய், பாத்திரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை ஒன்றை எடுத்து, நசுக்கி, ஓரமெல்லாம் தேய்த்து ஒட்டினாள். உள்ளங்கையால் அழுத்தி, காயும்வரை பிடித்திருந்தாள். பிறகு படியிறங்கித் தெருமுனைக்கு நடந்தாள். அங்கே தபால்பெட்டி வெயிலில் நிறம் வெளிறி நின்றது. வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. விரலால் வலையை விலக்கி, உறையை உள்ளே போட்டாள். அது அடியில் போய் விழும் சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.